பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே கிட்டார் வாசிக்க எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில மாடல்களின் பெயர்கள் வரும். அவை உதாரணத்துக்குத்தான். மாடல்கள் வருடத்துக்கு வருடம் மாறும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவ்வளவாக மாறுவதில்லை.

முதலில் எதை வாங்கலாம்?

முதல் இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். யூடியூபில் சுருதி மாறாமல் கால் பங்கு வேகம் வரை குறைத்துக் கேட்கலாம். கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைத் தனியாகவும் சுருதியைத் தனியாகவும் மாற்றலாம். இவற்றை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாட்டோடு உட்காருங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வருகிறது என்று கவனியுங்கள். கிட்டார் சத்தம் பாட்டில் அமுங்கிப்போகிறதா? ஒரே இடத்துக்குத் திரும்பப் போவதற்குள் பொறுமை போய்விடுகிறதா? வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில்தான் உங்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா? மூன்றுக்கும் வெவ்வேறு கருவி. உங்களுடைய எரிச்சல் எது என்று தெரியாமல் வாங்கினால், பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே அது அலமாரிக்குப் போய்விடும்.

"பயிற்சிக் கருவி" என்ற பெயரில் எத்தனையோ விற்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

இல்லை. இவை செய்யும் வேலைகள் மூன்று. ஒன்று, பாட்டை நம் சொல்பேச்சு கேட்க வைப்பது: மெதுவாக்குவது, ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவது, சுருதியை ஏற்றி இறக்குவது. இரண்டு, கிட்டாரின் ஒலியை நன்றாகக் கேட்க வைப்பது. மூன்று, இந்த இரண்டையும் சரியான அளவில் கலந்து ஒரே ஹெட்ஃபோனிலோ ஸ்பீக்கரிலோ தருவது.

கடைகளில் கிடைக்கும் சின்ன ஆம்ப்களும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) ஹெட்ஃபோன் ஆம்ப்களும் பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் செய்பவை. "பாட்டோடு வாசிக்கலாம்" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து, மெதுவாக்கும் வசதியும் உள்ளே இருக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு எப்படியும் ஒரு செயலியோ மென்பொருளோ வேண்டும்.

எல்லா வசதிகளிலும் எது முக்கியம்?

லூப். எத்தனை பேர் கேட்டாலும் இதுதான் என் பதில். வேகத்தைக் குறைப்பதைவிட முக்கியமானது, இரண்டு பார் (ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) நீளமுள்ள ஒரு துண்டைப் பிடித்து வைத்து, நாம் நிறுத்தச் சொல்லும்வரை அதையே ஓட்டுவது.

நான் கற்றுக்கொண்டது கேசட்டில். ஒரு வரியைக் கேட்பேன், கிட்டாரிலிருந்து வலது கையை எடுத்து ரீவைண்டை அழுத்துவேன், அது நாலு வரி பின்னால் போய் நிற்கும். அந்த நாலு வரியும் ஓடி முடிவதற்குள், காதில் பிடித்து வைத்திருந்த மூன்று ஸ்வரம் கலைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் உண்மையில் வாசித்தது பத்து நிமிடம்தான் இருக்கும். லூப் அந்தப் பாக்கி ஐம்பது நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆனால் லூப்பைச் சரியாக வைக்கத் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். நாலு அடி கொண்ட பார் இரண்டு என்றால் எட்டு அடி, அதாவது சரியாக 4 விநாடி. லூப் 4.1 விநாடிக்கு நீண்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் ஒரு முறை தடுக்கும். உங்கள் காலும் கூடவே தடுக்கும். பத்து சுற்றுக்குப் பிறகு அந்தத் தடுமாற்றத்தையே நீங்கள் பழகிக்கொண்டிருப்பீர்கள். அதனால் தொடக்கப் புள்ளியை முதல் பாரின் முதல் டிரம் அடியிலும், முடிவுப் புள்ளியை மூன்றாவது பாரின் முதல் அடி விழப்போகும் இடத்திலும் வையுங்கள். இதில் ஒரு வழி உண்டு. பாட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்துவிட்டுப் புள்ளியை வையுங்கள். விரல் தாமதமாக அழுத்தும் பிழை பாட்டின் கணக்கில் பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: லூப் புள்ளிகளை வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த முடிகிறதா, ஒலி அலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறதா, வைத்த லூப்களைப் பெயரிட்டுச் சேமிக்க முடிகிறதா. கணினியில் ட்ரான்ஸ்கிரைப், போனிலும் கணினியிலும் அமேசிங் ஸ்லோ டவுனர் போன்றவை இதற்காகவே எழுதப்பட்டவை.

வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கிவிடாதா?

ஒரு காலத்தில் இறங்கியது. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் பாட்டு சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும். அதிலும் ஒரு வசதி இருந்தது: ஸ்தாயி மாறினாலும் ஸ்வரத்தின் பெயர் மாறாது. அந்தக் காலத்து கிட்டார்காரர்கள் பலர் அப்படித்தான் வேகமான லீடுகளை, அதாவது தனியாக ஓடும் கிட்டார் பகுதிகளைப் பிரித்தெடுத்தார்கள்.

வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகப் பிரிக்கும் கணித வழி ஒன்றை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளனகனும் கோல்டனும் 1966-ல் வெளியிட்டார்கள். அதன் பெயர் ஃபேஸ் வோகோடர். இன்றைக்குப் போனில் விரலால் தள்ளும் வேகப் பட்டைக்குப் பின்னால் இருப்பது அதன் வழித்தோன்றல்களும் அதையொத்த மற்ற முறைகளும்தான்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. வேகத்தை மூலத்தின் 70 சதவீதத்துக்குக் குறைத்தாலும் பெரும்பாலான செயலிகளில் ஒலி நன்றாகவே இருக்கும். பாதிக்குக் கீழே போனால் டிரம் அடி இழுபட்டு இரட்டையாகக் கேட்கும், கிட்டார் தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் இருக்கும். அதிகமாகச் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பு இன்னும் மோசமாகும். முடிந்தால் ஒலித் தரம் இழக்காத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை சதவீதத்தில் ஆரம்பிப்பது?

தப்பில்லாமல் மூன்று முறை தொடர்ந்து வாசிக்க முடிகிற வேகத்தில். அது 60 ஆக இருந்தாலும் சரி, 85 ஆக இருந்தாலும் சரி. அங்கிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

மெதுவாக்குவதன் பெரிய லாபம் விரலுக்கு அல்ல, காதுக்கு. ஒரு லீடில் மூன்று ஸ்வரம் சட்டென்று ஓடுகிறது. முழு வேகத்தில் மூன்றையும் பிக்கால் அடித்ததாகவே தோன்றும். 60 சதவீதத்துக்குக் குறைத்துக் கேளுங்கள். பிக் தந்தியில் படும் "டிக்" ஒலி ஒரே ஒரு முறைதான் இருக்கும். மற்ற இரண்டும் இடது கை விரல் தந்தியை அடித்தும் இழுத்தும் வந்தவை. இது தெரிந்த பிறகு, முடியவே முடியாது என்று நினைத்த இடம் கைக்கு எளிதாகிவிடும். அதுவரை கை வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தவறான அசைவை வேகமாகச் செய்யப் பழகியிருப்போம்.

ட்யூனரில் கிட்டார் சரியாக இருக்கிறது. பாட்டோடு மட்டும் சேரமாட்டேன் என்கிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும்.

முதலாவது, அந்தப் பதிவில் வாசித்தவர் எல்லாத் தந்திகளையும் அரை ஸ்வரம் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி வைத்திருக்கலாம். ராக் இசையில் இது மிகவும் சகஜம். இதில் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். ஒரு ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டில், தடித்த தந்தியைத் திறந்து அடிக்கும் ஓர் அடிநாதம் வரும். என் கிட்டாரில் அந்த ஒலி எங்கேயும் இல்லை. ஐந்தாவது தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டில் அதே ஸ்வரம் இருந்தது, ஆனால் ஒரு ஸ்தாயி மேலே. அங்கே வைத்தே மொத்த ரிஃப்பையும் சுண்டுவிரல் வலிக்க வலிக்க வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எல்லாத் தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கிப் பார்த்தேன். ரிஃப் தானாகவே முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. வழக்கமான ட்யூனிங்கில் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ். அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டது 77.8. இல்லாத ஸ்வரத்தை எத்தனை தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது, ஒலிநாடாக் காலத்துப் பதிவுகளில் நாடாவின் வேகம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். சில சமயம் வேண்டுமென்றே மாற்றியிருப்பார்கள். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும். 3 சதவீதம் கூடினால் கால் ஸ்வரம். அப்போது பாட்டு எந்த ஃப்ரெட்டுக்கும் சேராமல் நடுவில் தொங்கும்.

தீர்வு: சுருதியை அரை அரை ஸ்வரமாக மட்டும் மாற்றும் செயலி போதாது. சென்ட் அளவில், அதாவது அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு அளவில் மாற்றக்கூடியது வேண்டும். பாட்டையே உங்கள் கிட்டாருக்குச் சேரும்படி நகர்த்திவிடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு தந்தியைத் திருகும் வேலை மிச்சம். தந்தியும் பிழைக்கும்.

பாட்டிலிருந்து கிட்டாரை மட்டும் நீக்க முடியுமா?

முன்பு இருந்த வழி, இடது ஒலித்தடத்திலிருந்து வலதைக் கழிப்பது. நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். பாடகர் குரலோடு பேஸும் கிக் டிரம்மும் சேர்ந்து போகும், ஓரத்தில் இருக்கும் கிட்டார் அப்படியே நிற்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

2019-ல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இயந்திரக் கற்றல் முறையில் குரல், டிரம், பேஸ் என்று தனித்தனியாகப் பிரிப்பது. அதில் கிட்டாருக்குத் தனித் தடம் கிடையாது, "மற்றவை" என்ற தடத்தில் கீபோர்டு வகையறாவோடு சேர்ந்து விழும். பின்னால் வந்த டெமக்ஸ் போன்றவற்றின் சில வடிவங்கள் கிட்டாரையும் தனியாகப் பிரிக்கப் பார்க்கின்றன. மொய்சஸ் போன்ற செயலிகள் இந்த வேலையைப் போனிலேயே செய்து தருகின்றன. டிரம்மும் பேஸும் பெரும்பாலும் சுத்தமாகப் பிரியும். கிட்டார் இன்னும் அந்த அளவுக்கு இல்லை. அடர்த்தியான பாட்டில் சலசலப்பு கலந்துதான் வரும்.

நான் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவேன். கற்கும்போது மற்றவற்றையெல்லாம் குறைத்துவிட்டு கிட்டாரை மட்டும் கேட்பேன். கற்றபின் கிட்டாரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் நான் வாசிப்பேன். மூல கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நம் தப்புகளை அது மூடிவிடும். அதை எடுத்த பிறகுதான், ஒவ்வொரு பாரிலும் நாம் ஒரு மயிரிழை முந்துகிறோம் என்பது தெரிய வரும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் இருக்கிறது. அதுவே போதுமா?

பாட்டுக்குப் போதும். கிட்டாருக்குப் போதாது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் தேவையில்லாத செலவு நிறையக் குறையும்.

சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி வந்து சேர 200 மில்லிசெகண்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், 200 மில்லிசெகண்ட் தாமதம் என்பது உங்கள் ஆம்பை கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். 120 அடி வேகப் பாட்டில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லிசெகண்ட்தான். நீங்கள் அடித்த ஸ்வரம் காதுக்கு வருவதற்குள் அடுத்ததை அடித்திருப்பீர்கள். யாராலும் அப்படித் தாளத்தில் நிற்க முடியாது.

பாட்டு தாமதமாக வந்தால் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்பதோடுதானே சேர்ந்து வாசிக்கிறீர்கள்? பாட்டு ஒட்டுமொத்தமாகக் கால் விநாடி தள்ளி ஆரம்பித்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் போனிலிருந்து ஆம்புக்கு ப்ளூடூத் வழியாகப் பாட்டு, கிட்டாரிலிருந்து ஆம்புக்கு வயர், ஆம்பிலிருந்து காதுக்கு வயர் ஹெட்ஃபோன் என்று அமைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. பாஸ் நிறுவனத்தின் வாஸா-ஏர் போன்ற ஹெட்ஃபோன்கள் இதனால்தான் பாட்டுக்கு ப்ளூடூத்தையும், கிட்டாருக்குத் தாமதம் குறைந்த தனி வயர்லெஸ் முறையையும் வைத்திருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை: ப்ளூடூத்தில் பாட்டைக் கேட்டுக்கொண்டு அதே போனில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து பாட்டோடு சேர்த்தால், வாசிப்பு பின்தங்கித்தான் விழும். அதைக் கேட்டுவிட்டு "எனக்குத் தாளமே இல்லை" என்று மனம் உடைய வேண்டாம்.

என் ஆம்பில் ஆக்ஸ் இன் (பாட்டை உள்ளே விடும் துளை) இருக்கிறதே?

வேலை செய்யும். ஆனால் கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். கிட்டாருக்கு அது அழகு. முழுப் பாட்டை அதில் ஓட்டினால் சிம்பல் மங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாட்டுக்கும் கிட்டாருக்கும் சேர்த்தே வடிவமைத்த சின்ன ஆம்ப்கள் இருக்கின்றன. யமஹாவின் டிஹெச்ஆர் வரிசை அந்த வகை. பழைய ஆம்ப் கையில் இருந்தால், பாட்டைத் தனி ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிடுங்கள். அதுவே நன்றாக இருக்கும்.

ஹெட்ஃபோன் ஆம்ப் எப்படி?

இரவில் வாசிப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1982-ல் கொண்டுவந்த ராக்மேன்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று வாக்ஸ் ஆம்ப்ளக் போல கிட்டார் ஜாக்கிலேயே நேராகச் செருகும் சின்னப் பெட்டிகள் வந்துவிட்டன. வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். பாட்டை உள்ளே விட ஆக்ஸ் துளையோ ப்ளூடூத்தோ இருக்கிறதா. ஆக்ஸ் மட்டும் என்றால் உங்கள் போனில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். கடைசியாக, உங்கள் கிட்டாரின் ஜாக் குழிந்த இடத்தில் சாய்வாக இருந்தால் பெட்டி முழுதாக உள்ளே போகிறதா.

கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்துச் செய்யலாமா?

நிதானமாகப் பாட்டைப் பிரித்துக் கற்பவருக்கு இதுதான் சிறந்த அமைப்பு என்பது என் கருத்து. பெரிய திரையில் ஒலி அலையைப் பார்த்து லூப் வைக்கும் சுகம் போனில் கிடையாது. கிட்டாரைக் கணினியின் சாதாரண மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள். கிட்டார் பிக்கப்புக்கு (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) சுமார் 1 மெகா ஓம் உள்ளீட்டுத் தடை வேண்டும். அது இல்லாவிட்டால் உச்ச ஒலி செத்துவிடும். இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்ருமென்ட்" என்று எழுதியிருக்கும் துளையோ பொத்தானோ அதற்குத்தான்.

பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாள்கிறது என்ற அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது 2.7 மில்லிசெகண்ட். போகவர எல்லாம் சேர்ந்து மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் நின்றால் கைக்குத் தெரியாது. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போட மறக்காதீர்கள்.

லூப்பர் பெடல் வாங்கினால் லூப் வேலை முடிந்ததா?

பெயர்தான் ஒன்று. லூப்பர் பெடல் நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து திருப்பி ஓட்டுவது. பதிவான பாட்டின் ஒரு பகுதியை வெட்டி மெதுவாக்கித் தருவது அதன் வேலை இல்லை. கார்ட் வரிசையைப் போட்டுவிட்டு மேலே லீட் பழக அருமையான கருவி. இந்தப் பக்கத்தின் தேவைக்கு அல்ல.

சிடி போடும் பழைய ட்ரெய்னர் கருவிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வாங்கலாமா?

டாஸ்கம் சிடி-ஜிடி1 போன்றவற்றைச் சொல்கிறீர்கள். சிடியை மெதுவாக்கி, லூப் செய்து, கிட்டாரையும் கலந்து ஒரே ஹெட்ஃபோனில் தந்த பெட்டிகள் அவை. அந்தக் காலத்துக்குப் பெரிய வரம். இன்று வாங்கினால் லேசர் லென்ஸ் சிடியைப் படிக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். உங்களிடம் நிறைய சிடி இருந்து, பயிற்சி நேரத்தில் போன் பக்கத்திலேயே வேண்டாம் என்று நினைத்தால் இன்றும் நல்ல துணை.

கார்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் செயலிகளை நம்பலாமா?

குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. எளிய மேஜர், மைனர் கார்ட்களைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். அதே கார்டை வாசித்தவர் ஐந்து இடத்தில் எந்த இடத்தில் பிடித்தார், கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டாரா என்பதையெல்லாம் உங்கள் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நீங்களே முயன்று எழுதி வையுங்கள், அப்புறம் செயலியைத் திறந்து ஒப்பிடுங்கள்.

அகூஸ்டிக் கிட்டார்தான் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கு இதில் பாதி தேவையில்லை. நல்ல செயலி ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று. ஸ்பீக்கரைக் காது உயரத்தில் வையுங்கள், பாட்டு கிட்டாரைவிடக் கொஞ்சம் சத்தமாக இருக்கட்டும்.

ஹெட்ஃபோனில் எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டியது. கிட்டார் கேட்கவில்லை என்று அதை ஏற்றுவோம். பாட்டு அமுங்கும், அதை ஏற்றுவோம். இப்படி மாறி மாறி ஏற்றி அரை மணி நேரத்தில் காது ரீங்காரமிடும் நிலைக்குப் போய்விடுவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். முதலில் பாட்டைச் சாதாரணமாகப் பேசும் சத்தத்தில் வையுங்கள். அதற்கு ஏற்றபடி கிட்டாரைச் சேருங்கள். கேட்கவில்லை என்று தோன்றினால் ஒன்றை ஏற்றாதீர்கள், மற்றதைக் குறையுங்கள்.

காலால் இயக்கும் ஸ்விட்ச் தேவையா?

நான் வாங்கியதிலேயே அதிகம் உழைத்த பொருள் அதுதான். நோட்டுப் பக்கம் திருப்புவதற்காக விற்கும் ப்ளூடூத் பெடலைப் பல பயிற்சிச் செயலிகள் ஏற்றுக்கொள்ளும். ஒரு மிதி லூப்பின் தொடக்கத்துக்குப் போக, இன்னொன்று நிறுத்த. இரண்டு கையும் கிட்டாரிலேயே இருக்கும்.

கடையிலோ நண்பரிடமோ ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வது?

உங்கள் கிட்டாரையும், நீங்கள் இப்போது சிக்கிக்கொண்டிருக்கும் பாட்டையும், உங்கள் ஹெட்ஃபோனையும் கொண்டு போங்கள். எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று விற்பவர் காட்ட ஆரம்பிப்பார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிட்டாரை மடியில் வைத்தபடி, பாட்டைத் திறந்து, அந்தக் கடினமான இரண்டு பாரை லூப் செய்து, 70 சதவீதத்துக்குக் குறைத்து வாசிக்க ஆரம்பியுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முதல் ஸ்வரத்தை அடித்துவிட்டால் அந்தக் கருவி உங்களுக்குச் சரிப்படும். மூன்று நிமிடம் ஆகி, இன்னும் எந்தப் பொத்தான் என்று தேடிக்கொண்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.